சாவிய பேண்டுகிட்ட குடுங்க: ஹாலிடே கேம்ப்ல இண்டி ஃபெஸ்டிவல் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

சீசன் இல்லாத மாசத்துல கடலோர ஹாலிடே கேம்ப்ப வாடகைக்கு எடுத்து மூணு நாள் இண்டி (பெரிய கம்பெனிங்கள சாராத பேண்டுங்க) மியூசிக் வீக்எண்ட் போடுற உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன், யார வாசிக்க கூப்பிடறதுங்கிற முடிவ ஒரு பேண்டுகிட்ட விடுங்கன்னு கேக்க. தமிழ்ல எழுதினா நீங்க படிக்க மாட்டீங்கன்னு தெரியும், பரவால்ல, உரிமையா சண்டை போட எனக்கு இதுலதான் வரும். படிக்கிற நம்மாளுங்க யாராவது உங்க காதுல போடட்டும்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். இங்கிலாந்துல ஃபெஸ்டிவல்னாலே எல்லாருக்கும் க்ளாஸ்டன்பரிதான் ஞாபகம் வரும், சேறு, டெண்ட்டு, நாத்தம் புடிச்ச டாய்லெட். உங்க கேம்ப்ல தலைக்கு மேல கூரை இருக்கு, கட்டில் மெத்தை இருக்கு, ஷவர்ல சுடுதண்ணி வருது (வரணும், ஒரு கேம்ப்ல மூணு நாளும் பச்சத்தண்ணிதான், பேர் வேணாம்), ஷாலேக்குள்ளயே (நாம தங்குற சின்ன வீடு) அடுப்பு கெட்டில் எல்லாம் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு காது ரெண்டும் கொய்ங்னு கத்த ரூமுக்கு வந்து முட்டைய உடைச்சு ஊத்தி நூடுல்ஸ் கிண்டி சாப்பிட்டுட்டு கால நீட்டிப் படுக்கிற சுகம் எந்த வயல்லயும் கிடைக்காதுங்க.

இந்த இடங்களுக்கு ஒரு கதை இருக்கு, நீங்களே மறந்துட்டீங்களோன்னு தோணுது. 1936ல பில்லி பட்லின் ஸ்கெக்னஸ்ங்கிற கடலோர ஊர்ல முதல் பட்லின்ஸ் கேம்ப்ப தொறந்தது உழைக்கிற குடும்பங்களுக்காக, வருஷத்துல ஒரு வாரம் கடல பாத்துட்டு வரட்டும்னு. 1938ல சம்பளத்தோட லீவுக்கு சட்டம் வந்தது, போருக்கு அப்புறம் கூட்டம் அள்ளுச்சு, அப்புறம் ஸ்பெயினுக்கு சீப்பா ஃப்ளைட் வந்ததும் ஜனம் அங்க பறந்துடுச்சு. ஆனா மியூசிக் இங்க புதுசு இல்ல. 1962 ஆகஸ்ட்ல பீட்டில்ஸ்ல சேரச் சொல்லி கூப்பிட்டப்போ ரிங்கோ ஸ்டார் எங்க இருந்தாரு? ஸ்கெக்னஸ் பட்லின்ஸ்ல வேற ஒரு பேண்டுக்கு டிரம்ஸ் வாசிச்சிட்டு இருந்தாரு.

அப்புறம் 1999 ஏப்ரல். கேம்பர் சாண்ட்ஸ்ல இருந்த பாண்டின்ஸ் (பட்லின்ஸ் மாதிரி இன்னொரு கம்பெனி) கேம்ப்ல பெல் அண்ட் செபாஸ்டியன் பேண்டு தங்களுக்கு பிடிச்சவங்கள எல்லாம் கூப்பிட்டு பௌலி வீக்எண்டர்னு ஒண்ணு நடத்தினாங்க. அடுத்த வருஷம் அதே இடத்துல ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் ஆரம்பிச்சது, ஏடிபின்னு சொல்லுவோம். முதல் வருஷம் மொக்வாய், அடுத்து டார்ட்டாய்ஸ், அடுத்து ஷெல்லாக், இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு பேண்டுகிட்ட சாவிய குடுத்து யார வேணா கூப்பிடுங்கன்னு விட்டுட்டாங்க, அப்படி கூப்பிடறவங்கதான் க்யூரேட்டர். 2006 டிசம்பர்ல இருந்து மைன்ஹெட் ஊர்ல இருக்கிற பட்லின்ஸ்லயும் நடந்தது. சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் போட்ட மேட் க்ரோனிங் கூட 2010ல ஒரு வீக்எண்ட் க்யூரேட் பண்ணாரு, யோசிச்சுப் பாருங்க.

நான் போனது அதே வருஷம் டிசம்பர்ல. டாண்டன்ல டிரெய்ன விட்டு இறங்கி 28ம் நம்பர் பஸ் புடிச்சு மைன்ஹெட் போய்ச் சேர்றதுக்குள்ள விரல் எல்லாம் விறைச்சுப் போச்சு, அந்த டிசம்பர் குளிரு இங்க இருக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். க்யூரேட்டர் காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், மாண்ட்ரியல் ஆளுங்க. ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடும், பாடகர் கிடையாது, பேட்டி குடுக்கவே யோசிப்பாங்க, உலகமே அழியப்போற மாதிரி வயலினும் கிட்டாரும். அப்படிப்பட்டவங்க யார கூப்பிட்டிருந்தாங்க தெரியுமா? வியர்ட் ஆல் யாங்கோவிக்! ஹிட் பாட்டு மெட்டுல காமெடி வரி போட்டு பாடுவாரே, அவர்தான். கருப்பு கோட்டு தாடி சகிதமா மூஞ்சிய தொங்கப்போட்டு நின்ன அத்தனை பேரும் அவர் பாட ஆரம்பிச்சதும் குழந்தை மாதிரி சிரிச்சாங்க. மார்க்கெட்டிங் டீம் உக்காந்து எக்செல் ஷீட்ட பாத்தா இந்த ரெண்டு பேர் ஒரே போஸ்டர்ல வரவே மாட்டாங்க சார். ஒரு ஆளோட சொந்த ரசனை, அதுல இருக்கிற கிறுக்குத்தனம், அதுலதான் இது நடக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். அங்க பேண்டுக்குன்னு தனி ஹோட்டல் கிடையாது, அவங்களும் நம்ம வரிசையிலயே ஏதோ ஒரு ஷாலேலதான், கல்யாண மண்டபத்துல ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒண்ணா ரூம் போட்ட மாதிரி. ஞாயித்துக்கிழமை காலைல கேம்ப் கடைல பால் வாங்க நிக்கிறேன், எனக்கு முன்னாடி ஒருத்தர் கைல பேக்டு பீன்ஸ் டின்னு, பிரெட்டு, ஒரு டாய்லெட் ரோல். பில் போடற பொண்ணு பை வேணுமான்னு கேக்குது, அவரு வேணாம்னு சொல்லி ரோல கக்கத்துல இடுக்கிட்டுப் போறாரு. முந்தின ராத்திரி சென்டர் ஸ்டேஜ்ல என் நெஞ்செலும்பு அதிர வாசிச்சவரு! எந்த விஐபி பாஸும் இத வாங்கித் தராது. தயவு செஞ்சு அந்த விஐபி சமாச்சாரத்த இங்க கொண்டு வராதீங்க, லேசா ஆரம்பிச்சிருக்கீங்க, கண்ணுல படுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க போஸ்டர பாத்தா வருத்தமா இருக்கு. முப்பது வருஷம் முன்னாடி சார்ட்ல இருந்த பேண்டுங்க, அதுல ஒரிஜினல் ஆளு ஒருத்தரோ ரெண்டு பேரோ, பழைய ஆல்பத்த முதல் பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் அப்படியே வாசிப்பாங்க, நடுவுல வேற பேண்டோட பாட்ட அப்படியே வாசிக்கிற ஒரு டிரிபியூட் பேண்டு. பழசு கேக்கிறது தப்பில்ல, எனக்கும் பிடிக்கும், நானும் கத்திப் பாடினவன்தான். ஆனா மூணு நாளும் அதேன்னா? இண்டின்னு பேர் வச்சுட்டு யாருக்கும் தெரியாத ஒரு பேண்ட கூட மதியம் மூணு மணிக்கு நிப்பாட்டலைன்னா எப்படி? புது ஆளுங்கள போடுறவங்க உங்கள்ல சிலர் இருக்கீங்க, பாக்னர் ரீஜிஸ்ல ஜனவரில நடக்குற ராக்கவே பீச் ஃபெஸ்டிவல் மாதிரி, அவங்க மேல எனக்கு கோவம் இல்ல.

உங்க பயம் எனக்கு புரியாம இல்ல. ஏடிபி என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2012ல கம்பெனி திவாலாகி லிக்விடேஷன் போச்சு, வேற கம்பெனி பேர்ல தொடர்ந்தாங்க. 2014ல லண்டன் எக்செல் அரங்கத்துல நடக்க வேண்டிய ஜாபர்வாக்கிங்கிற ஃபெஸ்டிவல சில நாள் முன்னாடி கேன்சல் பண்ணாங்க. 2016ல டிரைவ் லைக் ஜெஹுங்கிற பேண்டு க்யூரேட் பண்ண வேண்டியது ப்ரெஸ்டாட்டின் பாண்டின்ஸ்ல இருந்து மான்செஸ்டருக்கு மாறி அதுவும் கேன்சல், அந்த வருஷமே கடைய மூடிட்டாங்க. டிக்கெட் வாங்கினவன் ஹோட்டலுக்கும் டிரெய்னுக்கும் கட்டின காசு போனது போனதுதான். ஆனா இதுல க்யூரேட்டர் முறை மேல என்ன தப்பு? கணக்கு வழக்க நீங்க பாருங்க, அது உங்க வேலை, நல்லாவே பாக்குறீங்க. பாட்ட மட்டும் வேற ஒருத்தர் பாக்கட்டும்னு சொல்றேன், அவ்ளோதான்.

மொத்த வீக்எண்டையும் தூக்கிக் குடுங்கன்னு கூட கேக்கல. ஒரு ஸ்டேஜ், இல்லன்னா சனிக்கிழமை ஒரு நாள். ஹெட்லைனர, அதான் போஸ்டர்ல மேல வர்ற பெரிய பேர, வழக்கம்போல நீங்களே புடிச்சுக்கோங்க, அந்த ஒரு நாள வயசு முப்பதுக்குள்ள இருக்கிற ஒரு பேண்டுகிட்ட விடுங்க. ஷாலே டிவில ஏடிபி ஒரு சேனல் ஓட்டும், க்யூரேட்டருக்கு பிடிச்ச படங்களா போடுவாங்க, அதுக்கு என்ன பெரிய செலவாயிடும்? 2007ல டிக்கெட் வாங்கினவங்க ஓட்டு போட்டு வாசிக்க வர்ற பேண்டுங்கள்ல பாதிய தேர்ந்தெடுத்த வீக்எண்ட் கூட நடந்திருக்கு, அதையாவது முயற்சி பண்ணுங்க.

இடமும் குறைஞ்சுகிட்டே வருது பாருங்க. இதெல்லாம் ஆரம்பிச்ச அந்த கேம்பர் சாண்ட்ஸ் கேம்ப்பையும் ப்ரெஸ்டாட்டினையும் 2023 நவம்பர்ல மூடிட்டாங்க, அடுத்து 2024 ஜனவரில சவுத்போர்ட் பாண்டின்ஸ். பட்லின்ஸ்னு பாத்தா ஸ்கெக்னஸ், மைன்ஹெட், பாக்னர் ரீஜிஸ் மூணுதான் மிச்சம். இருக்கிற கொஞ்ச வீக்எண்டையும் எண்பதுகளுக்கும் தொண்ணூறுகளுக்கும் எழுதி வச்சுட்டா இப்ப இருபது வயசுல கராஜ்ல வாசிச்சிட்டு இருக்கிற பசங்க எங்க போவாங்க?

அப்புறம் ஒரு சொந்த கோரிக்கை, சின்னதுதான். தனியா வர்றவனுக்கும் ஒரு வழி பண்ணுங்க. ஷாலேன்னா ரெண்டு பேரு நாலு பேருன்னுதான் கணக்கு, ஒத்த ஆளா போனா கூடுதலா அழணும். என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் இந்த மியூசிக் பிடிக்காது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? தனியா வர்ற நாலு பேர ஒரே ஷாலேல சேர்த்து விடுற மாதிரி புக்கிங்ல ஒரு டிக் பாக்ஸ் வைங்க. குறட்டை விடுவீங்களான்னு ஒரு கேள்வியும் சேர்த்துக்கோங்க, நான் உண்மையவே எழுதுறேன்.

அடுத்த போஸ்டர்ல சனிக்கிழமைக்கு நேரா ஒரு க்யூரேட்டர் பேர மட்டும் போட்டு மிச்சத்த காலியா விட்டாலும் சரி, அன்னிக்கே டெபாசிட் கட்டிடறேன்.

இப்படிக்கு,
ரெண்டு பேர் ஷாலேக்கு ஒத்தையா காசு கட்டுற உங்க பழைய கஸ்டமர்