வேதபாரகர்கள் எழுதிய பத்திரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழங்கால யூதச் சமூகம் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், யூத எழுத்தர்களான வேதபாரகர்கள் இயேசுவோடு தர்க்கம் செய்பவர்களாக மட்டுமே வருகிறார்கள். இது பெரிய குறை. வேதாகமத்தில் வரும் எஸ்றாவைப் போல நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசேயின் சட்டத்தில், தேர்ந்தவர்கள் ஒருபுறம் இருக்க, ஆலயத்து எழுத்தர்களும் கிராமத்து எழுத்தர்களும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த நாட்டில் கிரயமோ கடனோ மணவிலக்கோ, எழுதத் தெரியாதவர்கள் போய் நின்றது எழுத்தர்களிடம்தான்.

அவர்கள் எழுதிய கட்டுப்பத்திரம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஒரே தாளில் ஒரே வாசகத்தை மேலும் கீழுமாக இரண்டு முறை எழுதுவார்கள். மேல்பாதியைப் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிச் சுருட்டி, நூலால் பல இடங்களில் கட்டிவிடுவார்கள். கட்டுகளுக்கு நேராகத் தாளின் பின்புறம் சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். கீழ்ப்பாதி யாரும் வாசிக்கத் திறந்தே இருக்கும். அதில் எவராவது தொகையைத் திருத்தியதாக வழக்கு வந்தால், நீதிபதி முன் கட்டை அவிழ்த்து ஒப்பிட்டால் போதும். சாதாரணப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சி, கட்டுப்பத்திரத்துக்கு மூன்று என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆனதோத்து ஊரில் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய எரேமியா தீர்க்கதரிசி, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் தன் எழுத்தரான பாரூக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னதும் இதே பாதுகாப்பை எண்ணித்தான்.

சாக்கடல் அருகே நகால் ஹெவெர் குகையில் 1961இல் கிடைத்த பாபத்தா என்ற யூதப் பெண்ணின் 35 ஆவணங்களில் இவ்வகைப் பத்திரங்கள் உண்டு. மகனின் பராமரிப்புத் தொகைக்காக அவர் காப்பாளர்களோடு நடத்திய வழக்கும் அவற்றில் இருக்கிறது. அவருக்கு எழுதத் தெரியாது. கி.பி. 125ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அவருக்காக எழுதியவர் அந்தக் காரணத்தையும் குறித்திருக்கிறார்.

எழுத்தர்கள் படிவங்களை முன்கூட்டியே எழுதி வைப்பதும் உண்டு. கடன் பத்திரமானால் கொடுத்தவர், வாங்கியவர், தொகை, தேதி ஆகியவற்றுக்கு இடம் விடவேண்டும். கிரயமானால் நிலத்துக்கும் இடம் வேண்டும். மணவிலக்குச் சீட்டில்தான் கெடுபிடி அதிகம். எழுத்தர் பயிற்சிக்காக எழுதியதில் தன் பெயரும் மனைவி பெயரும் இருக்கிறதே என்று ஒருவர் அதையே வாங்கிக் கொடுத்தால் செல்லாது. அந்தப் பெண்ணுக்கென்றே எழுதப்பட்டதாக இருக்கவேண்டும். அவளுடைய மறுமணமே அந்தச் சீட்டை நம்பியிருந்ததால் இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

வேதச் சுருள்களைப் படியெடுத்தவர்களையும் கட்டுரை தொடவில்லை. சாக்கடல் கரையிலுள்ள கும்ரானில் கிடைத்த, ஏசாயா தீர்க்கதரிசியின் நூலைக் கொண்ட பெரிய ஏசாயா சுருள் 17 தோல் துண்டுகளைத் தைத்தது, நீளம் ஏழு மீட்டருக்கு மேல். நாற்பதாம் அதிகாரத்தில் “புல் உலர்ந்து பூ உதிரும்” என்பது அடுத்தடுத்து இருமுறை வருவதால், எழுதியவரின் கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி இடையில் உள்ளது விட்டுப்போயிற்று. பிறகு வேறொரு கை அதை வரிக்கு மேலும் ஓரத்திலுமாக நுழைத்திருக்கிறது.

அடுத்த இதழில் கட்டுப்பத்திரத்தின் படத்தோடு ஒரு பக்கமாவது இவர்களுக்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை