அன்செலோட்டி அதிர்ஷ்டசாலியாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரேசில் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இத்தாலியரான கார்லோ அன்செலோட்டி பொறுப்பேற்றதை ஒட்டித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். வீரராகப் பெரிதாகச் சோபிக்காத அவருக்குப் பயிற்சியாளரான பிறகு அதிர்ஷ்டம் கைகொடுத்தது என்றும், நட்சத்திர வீரர்கள் கையில் கிடைத்ததால் கோப்பைகள் தாமாக வந்து சேர்ந்தன என்றும் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. எழுதியவரின் பெயரைப் போட்டிருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன். போடாததால் தங்களுக்கு எழுதுகிறேன். தங்கள் பார்வைக்கு வராமல் ஒரு வரிகூட அச்சேறாது என்று நம்பும் பழைய வாசகன் நான்.

தாங்கள் அறியாததல்ல, ஆனாலும் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். ரெஜ்ஜோலோ என்ற ஊரில் 1959-இல் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த அன்செலோட்டி, 1979-இல் பார்மா அணி மூன்றாம் நிலை லீக்கிலிருந்து மேலேறுவதை முடிவுசெய்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அதைக் கண்டுதான் ரோமா அணி அவரை அழைத்துக்கொண்டது. லீட்ஹோல்ம் பயிற்சியளித்த, ஃபல்காவோவும் டி பார்த்தோலோமேயும் ஆடிய அந்த நடுக்களத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் இடம்பிடிப்பது சோபிக்காததன் அடையாளம் என்றால், சோபிப்பது எப்படி என்பதைத் தங்கள் இதழ் அடுத்த வாரம் விளக்கினால் நன்றாயிருக்கும். 1983-இல் ரோமா சாம்பியன் ஆனது. பின்னர் அதே அணிக்குத் தலைவராகவும் இருந்தார். 1987-இல் மிலானுக்குப் போய் இரண்டு முறை லீக் பட்டமும், 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையும் வென்றார். 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை மிலான் 5-0 என்று துவைத்தெடுத்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹுல்லிட், ரைக்கார்ட், ஃபான் பாஸ்டன் என்ற மூன்று டச்சுக்காரர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து ஓங்கி அடித்து அன்றைய முதல் கோலைப் போட்டவர் யார் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். 1981-இல் அவருடைய முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 1982 உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது அவர் அணியில் இல்லை. தேறி வந்து ஆடிக்கொண்டிருந்தவருக்கு 1983 டிசம்பரில் மறுபடியும் முழங்கால் போயிற்று. அடுத்த மே மாதம் சொந்த மைதானத்திலேயே ரோமா ஆடிய ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் அவரால் களமிறங்க முடியவில்லை, அணி லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றது. 1994-இல் இத்தாலி அணியின் பயிற்சியாளர் சாக்கிக்கு உதவியாளராக உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போனார். அங்கும் இறுதியாட்டம், அங்கும் பெனால்டி, அங்கும் தோல்வி. 2000-இல் யுவென்டஸின் பயிற்சியாளர். கடைசி நாள் பெருஜியாவில் கொட்டிய மழையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆட்டம் நின்று, பிறகு சேறும் தண்ணீருமாய் நடந்து, 1-0 என்று தோற்று, லாட்சியோவிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் பறிபோனது. 2005 இஸ்தான்புல்லில் இடைவேளையின்போது 3-0 என்று முன்னிலையில் இருந்த அவருடைய மிலான் ஐரோப்பியக் கோப்பையை இழந்த கதையை நான் எழுதவும் வேண்டுமா? இத்தனையும் ஒருவருக்கு நேர்ந்த பின் அவரை அதிர்ஷ்டசாலி என்று அழைக்கத் தங்கள் இதழுக்குத்தான் துணிச்சல் வரும்.

முழங்காலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எண்பதுகளில் சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் அணி ஒன்றுக்கு நடுக்களத்தில் ஆடியவன் நான். எனக்கும் அதே ஜவ்வுதான் போயிற்று. வேலை பார்த்த இடத்து மருத்துவர் சுளுக்கு என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் புத்தூர் கட்டும் போட்டுக்கொண்டேன். எலும்பு முறிவுக்குப் பேர்போன அந்தக் கட்டு, கிழிந்த ஜவ்வை என்ன செய்துவிடும்? நேராக ஓடுவதில் ஒரு தொந்தரவும் இருக்காது. பந்தை வாங்கிக்கொண்டு உடம்பைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் முழங்கால் தனியாகக் கழன்று நிற்பதுபோல் விட்டுவிடும். அதன்பின் ஆடுகிறவன் திரும்பவே தேவையில்லாத இடமாகப் பார்த்து முன்கூட்டியே போய் நிற்கப் பழகுவான். பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே இருக்கிறார்கள் என்று தோளுக்கு மேலாகப் பார்த்துவைத்துக்கொள்வான். நான் அதோடு நின்றுவிட்டேன். அன்செலோட்டி அந்தக் காலை வைத்துக்கொண்டே மிலானின் நடுக்களத்தை ஆண்டார். அந்த முழங்காலை நம்பிப் பணம் போடத் தயங்கிய மிலான் உரிமையாளர் பெர்லுஸ்கோனியிடம், அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்த சாக்கி பிடிவாதம் பிடித்துத்தான் அவரை வாங்கினார் என்பதும் தங்களுக்குத் தெரியும். ஒரு நடுக்கள ஆட்டக்காரன் பயிற்சியாளன் ஆகும் பாடம் அங்கே தொடங்கியது என்பது என் துணிபு.

நட்சத்திரங்கள் கையில் கிடைத்தார்களாம். 1995-இல் அவர் முதன்முதலாகப் பொறுப்பேற்ற ரெஜ்ஜானா அணியில் எந்த நட்சத்திரம் இருந்தார்? அந்த அணியை ஒரே ஆண்டில் முதல் நிலை லீக்குக்கு ஏற்றிவிட்டுப் பார்மாவுக்குப் போனார். புஃபோனும் கிரெஸ்போவும் அங்கே இளைஞர்கள், அணி யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாவதாக வந்தது. சாக்கியிடம் கற்ற 4-4-2 அமைப்பை (தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்) அப்போது அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. தாக்குதல் ஆட்டக்காரர் சோலாவை ஓரத்தில் ஆடவைத்தார், அவர் இங்கிலாந்தின் செல்சிக்குப் போய்விட்டார். நட்சத்திர வீரர் பாஜ்ஜியோ வர இருந்தபோது வேண்டாமென்றார். இது தவறு என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டு, ஆட்டக்காரருக்கு ஏற்ப அமைப்பை மாற்றத் தொடங்கினார். மிலானின் பயிற்சியாளரானபோது, பிரெஷா அணியின் பயிற்சியாளர் மட்சோனே காட்டிய வழியில் நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் இறக்கி, செடோர்ஃபையும் ரூயி கோஸ்டாவையும் ஒரே அணிக்குள் பொருத்தினார். 2003-இலும் 2007-இலும் மிலானுக்குக் கிடைத்த சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பைதான்) கோப்பைகளில் அந்த மாற்றத்தின் பங்கு என்ன என்பதை விளக்க ஒரு பக்கமாவது வேண்டும். கட்டுரையோ அதை அரை வரியில் கடந்துவிட்டு, அவர் புருவத்தை உயர்த்தும் பழக்கத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது!

2022 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அவருடைய ரியல் மாட்ரிட் மான்செஸ்டர் சிட்டியிடம் பின்தங்கியிருந்த வேளையில், நடுக்கள நட்சத்திரங்களான குரூஸ், மோட்ரிச், காசெமிரோ என்ற மூவரையும் வெளியே எடுத்தார். குரூஸுக்குப் பதிலாக இறக்கப்பட்ட ரோட்ரிகோ தொண்ணூறாவது நிமிடத்தை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தார். நட்சத்திரங்களை நம்பிக் கைகட்டி நிற்பவர் செய்யும் காரியமா இது? அதே ஆண்டு இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம் வென்ற முதல் பயிற்சியாளர் ஆனார். அதற்குத் தங்கள் இதழ் கொடுத்த இடம் ராசிபலனுக்குக் கீழே மூன்று வரி. ஐபிஎல் ஆட்டங்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய வாரம் அது என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2014-இல் அவர் பயிற்சியில் மாட்ரிட் தன் பத்தாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இதுபற்றியே ஒரு கடிதம் அனுப்பினேன். இடமின்மை காரணமாக அது வெளிவரவில்லை என்று இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை கட்டூசோவின் படத்தைப் போட்டுப் பிர்லோ என்று எழுதியிருந்தீர்கள். தாடி இருந்தால் எல்லோரும் ஒன்றுதான் போலும்!

கோப்பை வென்றவரைக்கூட முதலாளிகள் எப்படி நடத்தினார்கள் என்பதையாவது எழுதியிருக்கலாம். செல்சிக்கு லீக்கும் எஃப்ஏ கோப்பையும் சேர்த்து வாங்கிக் கொடுத்த அடுத்த ஆண்டே, கடைசி ஆட்டம் முடிந்த மைதானத்திலேயே வேலை போயிற்று. நாப்போலியில் 4-0 என்று வென்ற இரவிலேயே வெளியேற்றினார்கள். நட்சத்திரங்கள் அணியைத் தாமாகவே ஜெயிக்கவைக்கிறார்கள் என்றால், தோல்விக்கு மட்டும் ஏன் பயிற்சியாளர் வீட்டுக்குப் போகிறார்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம், பெயர் தெரியாத அந்த அன்பரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அடுத்த இதழின் திருத்தப் பகுதியில், அன்செலோட்டி வீரராக மூன்று லீக் பட்டங்களும் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றவர் என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும். அதே வரியோடு, கட்டுரையின் நடுவில் பிரேசிலின் புதிய பயிற்சியாளர் என்ற குறிப்புடன் தாங்கள் வெளியிட்டிருக்கும் படத்தில் இருப்பவர், மாட்ரிட்டில் அவருக்கு உதவியாளராக இருந்த அவருடைய மகன் தாவிடே என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை.