அப்பாவின் பாட்டு நோட்டைத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் 1959 முதல் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மைக் செட்டுத் தொழில் செய்த என் தந்தையாரின் பாட்டு நோட்டைக் கரையான் தின்றுவிட்டது என்றும், அதில் இருந்த பாட்டுகளை யாரேனும் நினைவில் வைத்திருந்து தெரிவித்தால் மீண்டும் எழுதி வைக்க விரும்புகிறேன் என்றும் கடந்த தை மாதம் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியனுப்பியிருந்தேன். பத்துப் பேர் பதில் சொன்னால் பெரிது என்று எண்ணியிருந்த எனக்கு, பாலக்கோடு, காரிமங்கலம், போச்சம்பள்ளி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களின் எல்லாத் திசைகளிலிருந்தும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. சிலர் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து கைகூப்பி நன்றி சொல்வதே முறை. முழங்கால் வலியால் அது இயலாமல் போனதால் இந்த மடலை எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

அது உண்மையில் கணக்கு நோட்டுதான். ஊர், விசேஷம், தேதி, வாடகை, முன்பணம் என்று கோடு போட்டு எழுதிய அப்பா, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 'கேட்டது' என்று தலைப்பிட்டு, அந்த வீட்டார் விரும்பிக் கேட்ட பாட்டையும் அதன் இசைத்தட்டு எண்ணையும் குறித்து வைத்திருந்தார். அதே வீட்டில் அடுத்த மகளுக்குக் கல்யாணம் வரும்போது, மூத்தவளுக்குப் போட்ட பாட்டை யாரும் கேட்காமலே போட வேண்டும் என்பதற்காக அப்படி எழுதினார் என்று அம்மா சொல்லுவார். மொத்தம் மூன்று நோட்டுகள். நாங்கள் வீடு மாறவே இல்லை என்றாலும், முதல் நோட்டின் அட்டையில் சேலம் மாவட்டம் என்றும், 1965இல் மாவட்டம் பிரிந்த பிறகு வாங்கிய இரண்டாவதில் தருமபுரி மாவட்டம் என்றும் இருக்கும்; மூன்றாவதில் தருமபுரி என்பதை அடித்துவிட்டு 2004இல் கிருஷ்ணகிரி என்று எழுதியிருக்கிறார். கரையானுக்குப் போனது முதல் நோட்டு முழுவதும் இரண்டாவதன் முன்பாதியும். பரணில் இசைத்தட்டுப் பெட்டிக்கு அடியில் இருந்ததை எடுத்தபோது அட்டை அப்படியே இருந்தது. திறந்தால் உள்ளே தாளுக்குப் பதிலாகச் செம்மண் புற்று. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீல மை எழுத்துகளின் வால்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அப்பா இறந்த அன்றுகூட நான் அவ்வளவு அழவில்லை.

அந்தப் புற்று இருந்த இடத்தில் இன்று 171 வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அத்தனையும் நீங்கள் தந்தவை.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், முற்றத்தில் புளி தட்டிக்கொண்டே என்னிடம் பேசிய அம்மாளை முதலில் சொல்ல வேண்டும். அவருக்குக் கல்யாணமான காலத்தில் அந்த ஊருக்கு மின்சாரம் வரவில்லை. பேட்டரியில் ஆம்ப்ளிஃபையர் ஓடும். தட்டு சுழல்வதோ சாவி முறுக்கும் பழைய பெட்டியில். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே பாடும். பக்கத்துக்கு ஒரு தரம் ஊசியை மாற்ற வேண்டும். இந்த அவசரத்தில் சாவி முறுக்க மறந்தால் பாட்டு இழுத்துக்கொண்டு போகும். பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது 'வாராயென் தோழி வாராயோ' பாடிக்கொண்டிருக்க, எல். ஆர். ஈஸ்வரியின் குரல் மெல்ல மெல்லக் கனத்து, ஆண் குரலாகி, நின்றே போய்விட்டதாம். தலை குனிந்து நடந்து வந்தவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தபோது, அப்பா எழுந்து நின்று, "சாவி தீந்துபோச்சுங்க, தப்பு என்னோடது. பொண்ணு சிரிச்சா வூட்டுக்கு நல்லதுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து போட்டிருக்கிறார். "பாட்டு மொதல்ல இருந்து வருதுன்னு என்னையும் பந்தக்கால் வரைக்கும் திருப்பிக் கூட்டிட்டுப் போயி, மறுபடியும் நடக்க வெச்சாங்க" என்று அவர் சொன்னபோது, அதுவரை நிற்காமல் கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பாலக்கோட்டு அம்மா, எங்கள் அப்பா இந்தக் கதையை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய குரலை நீங்கள் அப்படியே பேசிக் காட்டியதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

அதே பாட்டைத் தம்முடைய கல்யாணப் பாட்டாகச் சொன்னவர்கள் பதினொரு பேர். அவர்களுள் காரிமங்கலத்துத் தலைமையாசிரியர் ஐயா தமக்கு 1960இல் கல்யாணம் என்று முதலில் எழுதியிருந்தார். அந்தப் பாட்டு வந்த 'பாசமலர்' 1961 மே மாதம்தான் வெளியானது. பெரியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே, அவருடைய அஞ்சலட்டை இன்னொன்று வந்தது. ஐயம் வந்து டிரங்குப் பெட்டியைக் கிளறி, மஞ்சள் தடவிய தம் கல்யாணப் பத்திரிகையைக் கண்டெடுத்து, ஆவணி மாதம் 1961 என்று தேதியோடு திருத்தி அனுப்பியிருந்தார். எண்பது வயதைக் கடந்த ஒருவர் ஒரு வரி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடுபட்டதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அடுத்து எழுதப்போவதற்காகவே இந்த மடலைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். இரண்டாவது நோட்டின் மிஞ்சிய பகுதியில், போச்சம்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயருக்கு நேரே, "மலர்ந்தும் மலராத – இந்த ஊரில் வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார் அப்பா. அதன் பிறகு அந்த ஊரின் பெயர் வரும் இடத்திலெல்லாம், மூன்றாவது நோட்டிலும்கூட, ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய அந்தப் பாட்டைக் கேட்காத ஊரே எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரே ஓர் ஊர் மட்டும் ஏன் வேண்டாம் என்றது என்று எங்களுக்குப் புரியவில்லை. ஏதோ சண்டை என்றே தம்பி நினைத்திருந்தான்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. அவருடைய தங்கைக்கு 1969இல் நடந்த வளைகாப்பில், தங்கையே ஆளனுப்பிக் கேட்டு அந்தப் பாட்டை அப்பா மூன்று முறை போட்டிருக்கிறார். அடுத்த மாதமே பிரசவத்தில் தாயும் பிள்ளையும் தவறிவிட்டார்கள். மறு ஆண்டு மாரியம்மன் திருவிழாவில், மாலை நேரத்தில், புளியமரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து அந்தப் பாட்டு எழுந்தபோது, அவர் வயலிலிருந்து ஓடிவந்து மைக் செட்டுக் கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறார். பேச்சு வரவில்லை. அப்பாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்பா எதுவும் கேட்காமல் ஊசியைத் தூக்கிவிட்டு, சற்று நேரம் ஒன்றும் போடாமல் இருந்து, பிறகு ஓர் அம்மன் பாட்டைப் போட்டாராம்.

"வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு முப்பது வருடத் திருவிழாவில் அந்தப் பாட்டு எங்கள் ஊரில் ஒலிக்கவில்லை என்பதை நான் கவனித்ததுண்டு. பழைய பாட்டாகிவிட்டது, யாரும் கேட்பதில்லை போலும் என்று நினைத்தேன். உங்கள் நோட்டில் சிவப்பு மை இருக்கிறது என்று இப்போது கேள்விப்பட்ட பிறகே எனக்கு விளங்கியது" என்று அவர் எழுதியிருந்தார். ஐயா, எங்கள் தகப்பனார் யார் என்பதை அவர் இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள். புதிய நோட்டிலும் உங்கள் ஊருக்கு நேரே அதே சொற்களைச் சிவப்பு மையிலேயே எழுதியிருக்கிறோம். கீழே உங்கள் தங்கையின் பெயரையும் உங்கள் அனுமதியோடு சேர்த்திருக்கிறோம்.

தேன்கனிக்கோட்டை அண்ணன் தந்த செய்தி மனத்துக்கு இனியது. அந்தப் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கன்னடப் பாட்டும் பெண் வீட்டார் தமிழ்ப் பாட்டும் கேட்டு இழுபறியாக இருந்த ஒரு கல்யாணத்தில், ராஜ்குமாருக்காகப் பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடிய கன்னடத் தட்டுகளையும், அதே குரலில் 'காலங்களில் அவள் வசந்தம்' முதலான தமிழ்த் தட்டுகளையும் அப்பா இரவு முழுக்க மாற்றி மாற்றிப் போட்டாராம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் இருந்து பேசிய பாய், தம் தகப்பனார் ஆண்டுதோறும் அம்மன் திருவிழாவுக்கு நன்கொடை தந்ததையும், அவர் வந்து அமர்ந்தவுடன் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' தவறாமல் ஒலித்ததையும் சொன்னார்.

'அன்னக்கிளி' வெளிவந்த 1976ஆம் ஆண்டில் 'மச்சானப் பாத்தீங்களா' பாட்டை ஒரே இரவில் எத்தனை முறை கேட்டோம் என்று எண்ணவில்லை என எழுதிய பென்னாகரத்து நண்பருக்கும் நன்றி. தேய்ந்துபோன தட்டு கீறல் விழுந்து ஓரிடத்திலேயே சுற்றத் தொடங்கியதும், ஊசிக் கையின் தலைமீது அப்பா ஒரு பத்துப் பைசாவை வைத்தார். அந்தக் காசு விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை பன்னிரண்டு வயதுப் பையனான இவருக்குக் கிடைத்தது. இன்று கைப்பேசியில் அந்தப் பாட்டு தடையில்லாமல் ஓடும்போது, கீறல் இருந்த இடம் வந்தவுடன் தம் விரல் தானாக நீளுகிறது என்று எழுதியிருந்தார்.

நிகழ்ச்சி எதுவானாலும் முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' என்பதை ஒருவரையொருவர் அறியாத பதினெட்டுப் பேர் சொன்னீர்கள். திருவிழா நாள்களில் நள்ளிரவுக்கு மேல் 'திருவிளையாடல்' கதை வசனத் தட்டு போட்டதையும், தருமி வரும் இடத்தில் பந்தலே விழித்துக்கொண்டதையும் பலர் எழுதினீர்கள். மாசி மாதம் எங்கள் ஊர் மயானக் கொள்ளையில் குழாய் கட்ட ஏணி பிடித்த பிள்ளைகள், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஒன்பது பேர் சேர்ந்தே வந்து ஒரு மாலை முழுவதும் பேசினீர்கள்.

எழுதும் வேலைக்குத் துணை நின்றவர்களையும் நான் மறக்கக் கூடாது. தருமபுரியில் இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் ஐயா, நாங்கள் கொண்டுபோன ஒவ்வொரு பாட்டின் தட்டையும் தம் அலமாரியிலிருந்து எடுத்து, துடைத்து, எண்ணைப் பார்த்துச் சொல்லி, சிலவற்றைப் போட்டும் காட்டினார். தேநீருக்குக்கூட எங்களிடம் காசு வாங்கவில்லை. கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் 171 வரிகளையும் அப்பா போட்ட அதே கட்டங்களில் முத்து முத்தாக எழுதித் தந்தாள். என் தம்பி, வாரம் தவறாமல் வண்டியில் என்னை ஊர் ஊராக அழைத்துச் சென்றான்.

புதிய நோட்டு இப்போது பரணில் இல்லை. கூடத்து அலமாரியில், வேப்பிலையும் கற்பூரமும் வைத்த தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் பெயரும் ஊரும் நீங்கள் சொன்ன வரிக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஓரத்தில் மிஞ்சிய எழுத்துகளைக் கொண்டு ஊர் மட்டும் தெரிந்து, பாட்டு தெரியாத வரிகள் இன்னும் முப்பத்து நான்கு உள்ளன. மொரப்பூர்ப் பக்கத்து ஊர்கள் அவற்றில் மிகுதி. அந்த இடங்களை வரிசை மாறாமல் வெற்றாகவே விட்டு வைத்திருக்கிறோம். யாருக்கேனும் நினைவு வந்தால் எந்த நேரமானாலும் தெரிவியுங்கள். சொற்கள் மறந்து போயிருந்தாலும் தாழ்வில்லை. மெட்டை மட்டும் முணுமுணுத்தால் போதும், தருமபுரி ஐயா கண்டுபிடித்துவிடுவார்.

என்றும் நன்றியுடன்,
மைக் செட்டுக்காரர் மகள்,
காவேரிப்பட்டணம்.