எஸ்டேட்டும் ஸ்டேட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஒத்த ஒலியுடைய ஆங்கிலச் சொற்களை எங்கள் வகுப்புச் சுவரில் வாராவாரம் வெட்டி ஒட்டுகிறோம். சென்ற வாரம் எஸ்டேட், ஸ்டேட் இரண்டையும் எடுத்திருந்தீர்கள். ஒன்று தோட்டம், மற்றது அரசு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். பிள்ளைகள் குழப்பிக்கொள்வது உண்மைதான். ‘ஐ லிவ் இன் எ டீ ஸ்டேட்’ என்று எழுதியிருக்கும் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். ஆனால் சம்பந்தமில்லை என்பதை ஏற்க முடியாது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

தாய்ச்சொல் லத்தீனின் ‘ஸ்டாட்டுஸ்’. நிற்கும் நிலை என்று பொருள். பழைய பிரெஞ்சு பேசியவர்களுக்குச் சொல்லை ‘ஸ்’ஸில் தொடங்கி அடுத்த மெய்க்குத் தாவுவது சிரமம். அதனால் முன்னால் ஓர் ‘எ’ சேர்த்து ‘எஸ்டாட்’ ஆக்கினார்கள். நம் பெரியவர்கள் ஸ்கூலை இஸ்கூல் என்பதும், தேயிலை ஸ்டோரை இஸ்டோரு என்பதும் இதே வழிதான். அவர்களைத் திருத்தும் பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ‘எ’யோடு ஆங்கிலத்தில் தங்கியது எஸ்டேட், அது இல்லாமல் நின்றது ஸ்டேட். ஆரம்பத்தில் இரண்டுக்கும் ஒருவரின் நிலை, அந்தஸ்து என்றே பொருள். அப்புறம் ஒன்று சொத்து, நிலம் என்ற பக்கம் போனது. மற்றது நாடு, அரசு என்ற பக்கம் போனது. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை எஸ்டேட்டின் முதல் எழுத்தை எளிதில் விடாது.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் இலங்கை மலையகத்தில் இந்தச் சோடியை இரண்டு வரியில் முடிக்கலாமா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எஸ்டேட் மக்களில் மிகப் பெரும்பாலானோரை ‘ஸ்டேட்லெஸ்’, அதாவது நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் ஒன்று 2003இலும் தேவைப்பட்டது.

இடையில் 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. அரசுத் தோட்டங்களை நடத்திய பெரிய நிறுவனங்கள் இரண்டு. நம் ஆட்கள் ஜனவசம என்று சொல்லும் ஒன்றின் ஆங்கிலப் பெயரில் ‘எஸ்டேட்ஸ்’ இருக்கிறது. மற்றதான பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் பெயரில் ‘ஸ்டேட்’ இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால், தாத்தா பாட்டியின் பழைய சேமலாப நிதிக் கடதாசிகளில் இந்தப் பெயர்கள் இன்னும் கிடக்கும். பிள்ளைகள் அவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும்.

ஆகவே ‘ஸ்டேட்லெஸ்’ஸையும் சேர்த்து, இன்னொரு வாரம் தாராளமாக இடம் கொடுத்து இந்தச் சோடியை மறுபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சுவரில் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
பண்டாரவளை