ஸ்டிக்கரும் இழப்பீடும்

ஐயா,

குறைபாடுள்ள செயற்கை மூட்டுகளால் பாதிக்கப்பட்டோருக்கான சட்ட வழிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கண்டேன். 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டுக்கு மத்திய அரசு இழப்பீட்டு வரையறை வகுக்கவே 2018 ஆயிற்று. இன்றோ 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகிறது. வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஆனால், உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கொண்ட மூட்டு என்று தெரியாதவர் யார் மீது வழக்குத் தொடுப்பார்?

ஏற்காட்டில் வசிக்கும் என் தாயாருக்குச் சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பொருத்திய மூட்டு ஐந்தாம் ஆண்டிலேயே தளர்ந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மூட்டு பொருத்தப்பட்டது' என ஒற்றை வரிதான் இருந்தது. தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் மருத்துவமனை வைத்துக்கொள்ளும் சிகிச்சைப் பதிவேடான கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருந்ததாம், அதை அழித்துவிட்டார்களாம். மருத்துவ ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறை. மூட்டோ பதினைந்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டிய பொருள். எனவே, அந்த ஸ்டிக்கரின் ஒரு பிரதியை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஒட்டித் தருவதை மாநில சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.