வைகைக் கரைப் பூங்கா: உயரத்தை மட்டும் வானத்திலிருந்து எடுக்காதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மதுரையில் வைகைக் கரைப் பூங்காவுக்கு வரைபடம் போடும் வேலை உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். செயற்கைக்கோள் படம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும் என்று கேட்டிருந்தாய். என் முடிவு இதுதான்: கரையில் என்னென்ன மாறியிருக்கிறது என்பதைப் படத்திடம் கேள், தரை எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்காதே.

தொடங்கும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில், 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கக்கோடு சோழவந்தானுக்கும் மதுரைக்கும் நடுவே போகிறது. அதனால் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் முதல் வேலையாக, 44-ஆம் மண்டலத்தின் குறியெண்ணான இபிஎஸ்ஜி 32644 என்று வைத்துவிட்டு, மேற்கிலிருந்து வரும் வரைபட அடுக்குகளையும் அதற்கே மாற்று. மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் தூரத்தைக் கிலோமீட்டருக்கு 80 சென்டிமீட்டர் போலக் கூட்டிக் காட்டும்; பூங்காவுக்கு அது பெரிதில்லை. பாகைக் கணக்கிலேயே விட்டுவிட்டு, கரையிலிருந்து 30 என்று பஃபர் (சுற்று எல்லை) போட்டால்தான் வம்பு. 30 மீட்டர் இல்லை, 30 பாகைக்கு வட்டம் போட்டுவிடும்.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட் நிலம். நடைபாதையும் படிக்கட்டும் அதில் தெரியாது. சீமைக் கருவேலம் எங்கே மண்டியிருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் ஒரு படம், ஜனவரியில் ஒரு படம் எடு. எட்டாம் பட்டையிலிருந்து (அகச்சிவப்பு ஒளி) நான்காம் பட்டையை (சிவப்பு ஒளி) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு வந்துவிடும். ஜனவரியில் புல்லும் புதரும் எல்லாமே பச்சைதான். மே வெயிலில் புல் கருகிவிடும், கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால் வெட்டி எடுக்க வேண்டிய பரப்பு கையில் வந்துவிடும். அதே மே படத்தில், காய்ந்த மணலுக்குள் கரையிலிருந்து நாக்கு நீட்டினாற்போலப் பச்சைத் திட்டுகள் தெரியும். பெரும்பாலும் அவை சாக்கடை வந்து விழும் இடங்கள். ஒவ்வொன்றையும் புள்ளி வைத்து நேரில் போய்ப் பார். அதை அடைக்காமல் பக்கத்தில் பெஞ்சு போட்டு என்ன பயன்?

பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிடும்போது இதைக் கவனி. 2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு மதிப்போடும் 1000 கூட்டியிருப்பார்கள். உண்மையில் எட்டாம் பட்டை 3000, நான்காம் பட்டை 1000 என்று இருந்தால் குறியீடு 0.5. கூட்டிய 1000-ஐக் கழிக்காமல் விட்டால் 4000, 2000 ஆகி 0.33 என்று வரும். ஒரு மரம்கூட விழாமலே கரை மொட்டையானது போலப் படம் காட்டும்.

தண்ணீரைக் கண்டுபிடிப்பது இன்னும் சிக்கல். படத்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டும் நீர்க்குறியீடு, ஆகாயத்தாமரை மூடிய நீரைச் செடி என்றே எண்ணும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைக்கிறதே என்று சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போனால், காய்ந்த மணலும் நீரைப் போலவே கறுப்பாகத் தெரியும். கோடையில் அதே சுற்றுப்பாதையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வை. இரண்டிலும் கறுப்பாக இருந்தால் அது மணல். அப்போதும் வெள்ளத்தின் உச்சம் சில மணி நேரத்தில் கடந்துவிடும். ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். படத்தில் வெள்ளம் இல்லை என்பதால் அங்கே வெள்ளமே வரவில்லை என்று எழுதிவிடாதே.

இனி உயரம். இலவசமாகக் கிடைக்கும் கோப்பர்னிகஸ் உயரப் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். 3 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் உள்ள கரை அதற்குள் கரைந்தே போகும். மரத்தின் தலையையும் மொட்டை மாடியையும் தரை என்று காட்டும். உயரத்தில் 4 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். நமக்கோ அரை மீட்டர்தான் கேள்வி: கழிப்பறையின் தரை வெள்ள மட்டத்துக்கு மேலா, கீழா?

ட்ரோன் விட்டாலும் ஜிபிஎஸ் தருவது நீள்வட்டக் கோள உயரம், அதாவது பூமியை வழுவழுப்பான ஒரு கோளமாக வைத்துக்கொண்டு அளக்கும் உயரம். நம் பக்கத்தில் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் என்று தெரிந்தவன், அறிக்கையில் நாற்பது சொச்சத்தைப் பார்த்ததும் விழித்துக்கொள்வான். ஆனால் ஒரு கோப்பில் ஒரு கணக்கு, மற்றதில் இன்னொரு கணக்கு என்று கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால் லெவல் கருவியையும் ஸ்டாஃப் என்ற அளவுகோலையும் தூக்கிக்கொண்டு இறங்கு. சர்வே ஆஃப் இந்தியா உயரம் குறித்து வைத்திருக்கும் பெஞ்ச் மார்க்கிலிருந்து தொடங்கி, 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடு, அதாவது ஆற்றுக்குக் குறுக்கே உயரங்களை அள. அதில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளியும், சரிவு மாறும் இடத்திலெல்லாம் கட்டாயம் ஒன்றும் வேண்டும். பாலம் வந்தால் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. பாலத் தூண், பழைய சுவர், படித்துறையில் வெள்ளக் கறை தெரிந்தால் அதன் உயரத்தையும் குறித்துக்கொள். எந்தப் படமும் அதைத் தராது.

நில எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தைப் பொருத்தும்போது மூன்று எல்லைக் கற்களோடு நிறுத்தாதே. மூன்று புள்ளியில் பிழை பூஜ்யம் என்றுதான் மென்பொருள் காட்டும், கணக்கு அப்படி. ஆறு கல்லாவது டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ்ஸில் பிடி. கூகுள் படத்தின் மேல் நேராக வைத்துப் பொருத்தினால் சில மீட்டர் தள்ளி நிற்கும், ஆற்றுப் புறம்போக்கின் எல்லை யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய்விடும். அவர் கோர்ட்டுக்குப் போனால் தப்பு நம் மேல்தான்.

மட்டங்கள் கிடைத்த பிறகு இடம் பிரிப்பது எளிது. வெள்ளம் அடிக்கடி ஏறும் கீழ்ப்படியில் புல்லும் நாணலும் மட்டும். நடுவில் நீர்மருது, புங்கை, நாவல், மண் பாதை. மின்பெட்டி, கழிப்பறை, விளையாட்டுச் சாமான் எல்லாம் வெள்ளக் கறை மட்டத்துக்கு மேலே. ஆற்றுக்குள் சுவரைத் தள்ளிக் கட்டி இடம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், குறுக்குவெட்டை விரித்துக் காட்டு: அகலம் குறைந்தால் அதே தண்ணீர் இன்னும் உயர்ந்துதான் போகும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கானோர் வந்து நிற்கும் மணலையும், அதற்கு இறங்கும் வழிகளையும் மரம் வைத்து மறித்துவிடாதே. அந்தக் கூட்டம் 10 மீட்டர் பிக்சலில் தெரியாது.

குறுக்குவெட்டு ஒரு பத்து எடுத்ததும் புள்ளிக் கோப்பை அப்படியே அனுப்பு. ஹெக்-ராஸ் என்ற வெள்ளக் கணக்கு மென்பொருளில் போட்டு நீர்மட்டம் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்