விடைத்தாளைக் கண்ணில் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் வகுப்புக்கு 52 வரிகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. 1994இல் ஷ்ரா, டென்னிசன் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கியது. மெட்டாகாக்னிஷன், அதாவது தன் அறிவைப் பற்றித் தனக்கே இருக்கும் அறிவு, எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து மதிப்பெண்ணோடு ஒப்பிடப் போகிறீர்களாம். நல்லது. படித்தது எந்த அளவுக்குப் புரிந்தது என்று சரியாகக் கணிக்க முடியுமா என்பதுபோல் ஒரு வரி. பழக்கதோஷத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டேன். அப்புறம்தான் சென்ற பருவம் நினைவுக்கு வந்தது.

புள்ளியியல் தேர்வை எழுதிவிட்டு வெளியே வந்தபோது 70க்குக் குறையாது என்று நினைத்தேன். வந்தது 38. சூத்திரத்தைத் தவறாகப் போட்டேனா, கேள்வியே புரியவில்லையா, கடைசிப் பக்கங்களைத் திருத்தியவர் புரட்டவே இல்லையா? அலுவலகத்தில் கேட்டேன். மறுகூட்டலுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். 'மாற்றம் இல்லை' என்று பதில் வந்தது. கூட்டல் சரியாக இருக்கும் என்று எனக்கும் தெரியும் ஐயா. நான் கேட்டது என் தவறை. அது உங்கள் அலமாரியில் கட்டாகக் கிடக்கிறது. எங்கே தவறினேன் என்று தெரியாததால் மறுதேர்வுக்கு முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தேன், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததையும் சேர்த்து. அந்த இரண்டு மாதத்தில் பாதி வீண். எந்தப் பாதி என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தடவை படித்து, மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆனால் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். மனம் சொல்லும் கணக்கு அவ்வளவுதான். அதைத் திருத்த எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்த விடைத்தாள்.

தேர்ச்சி குறைந்தால் மட்டும் ஊக்கப் பேச்சாளரை அழைத்துவருகிறீர்கள். இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படியுங்கள் என்று அவர் சொல்ல, நாங்கள் கைதட்டுகிறோம். மதியத் தூக்கத்துக்கு வசதியான அரங்கம், குறை சொல்லக் கூடாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு தேர்வு முடிவுக்குப் பிறகும் திருத்திய விடைத்தாளை ஒரு மணி நேரம் எங்கள் கையில் கொடுங்கள். திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கூடவே ஒரு தாள்: எப்படிப் படித்தாய், எந்த வகைத் தவறு அதிகம், அடுத்த முறை எதை மாற்றுவாய் என்று மூன்று கேள்வி. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவெட் இந்த முறையைக் கையாண்டிருக்கிறார். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. விடைத்தாளைக் காட்டினால் போதும்.

அந்தப் படிவத்தில் எங்களுக்கு என்ன வந்தது என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவும் அலமாரிக்குப் போய்விட வேண்டாம். நான் 'ஆம்' என்று குறித்த அந்த வரியை மட்டும் 'இல்லை' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி